படத்துக்கும் உண்டு தாய்ப்பத்திரம்

"சுத்தியலைத் தட்டிட்டாங்க சார். என் காதால கேட்டேன். அதுக்கப்புறம் இல்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு திங்கட்கிழமைக் காலை. தம்புச் செட்டித் தெருவில் என் அறைக்கு வந்தவர் உட்காருவதற்கு முன்பே கேட்ட கேள்வி இது. பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மதுரைக்காரர். பெயர் வேண்டாம், இன்ஜினியர் என்றே சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேலாகப் பழைய புகைப்படங்களைச் சேர்த்துவந்தார். தொடக்கம் மூர் மார்க்கெட்டில். 1985 மே மாதம் அந்தக் கட்டடம் எரிந்த மறுநாள் அங்கே போய் நின்றதை, நெருங்கிய சொந்தத்தின் சாவுக்குப் போய்வந்ததைப் போலத்தான் சொல்வார்.

முந்தின நாள் சென்னையில் ஓர் ஏலம் நடந்திருக்கிறது. தேக்கு அலமாரி, பெல்ஜியம் கண்ணாடி, கிராமபோன் என்று போய்க்கொண்டிருந்த பட்டியலின் நடுவே ஒற்றை வரி: மதுரைக் காட்சிகள், பழைய புகைப்படங்கள், 9, சேதத்துடன். எடுத்தவர் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. முதல் நாளே, பொருட்களைப் பார்வைக்கு வைத்திருந்தபோது, இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஏலத்தன்று நாலைந்து பேர் கேட்டார்கள். 42,000 ரூபாயில் மற்றவர்கள் நின்றுவிட, சுத்தியல் விழுந்தது. பணம் கட்டி ரசீதும் வாங்கியிருக்கிறார். சரக்கை எடுக்கப் போனபோது, "உடைமையாளர் குறைந்தபட்ச விலை ஒன்று சொல்லியிருந்தார், கவனிக்காமல் விட்டுவிட்டோம், பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்களாம். இடையில் வெளியூர் வியாபாரி ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்திருந்தது என்பதை அங்கிருந்த சுமைகூலிக்காரர் இவர் காதில் போட்டிருக்கிறார்.

"அப்படி என்ன சார் அந்தப் படத்துல?" என்று கேட்டேன். பிராது எழுதத் தேவையானதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். மூன்று கட்சிக்காரர்கள் வெளியே காத்திருந்தார்கள், நான் நிறுத்தச் சொல்லவில்லை.

எடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப், மெட்ராஸ் ராணுவத்தில் கேப்டன். 1856-ல் மெட்ராஸ் அரசாங்கம் அவரைத் தன் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 கடைசியில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அதே சமயம் வடக்கே பெரும் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. இங்கே இவர் கோபுரங்களின் முன்னால் முக்காலியை நட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டில் எடுக்கும் முறை அப்போதே வந்துவிட்டது. ஆனால் தகட்டை ஈரம் காய்வதற்குள் பயன்படுத்தியாக வேண்டும். நம்மூர் வெயிலில் அது லேசில் ஆகிற காரியம் இல்லை. அதனால் மெழுகு ஏற்றிய காகிதத்தையே நெகட்டிவாக வைத்துக்கொண்டார். காகித நெகட்டிவிலிருந்து வரும் படத்தில் ஒரு மென்மை இருக்கும். கல் கல்லாகத் தெரியும், ஆனால் கண்ணாடியில் எடுத்ததைப் போலக் கத்தி முனையாக வெட்டாது. வெளிச்சம் நெடுநேரம் விழ வேண்டும் என்பதால் நடமாடுகிற மனிதர்கள் பதிவதில்லை. கூட்டம் நிறைந்த மதுரை அந்தப் படங்களில் ஆளில்லாத ஊராக நிற்கும்.

தஞ்சைப் பெரிய கோயில் அதிட்டானத்துக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமாக ஒரே படமாக்கியிருக்கிறார் ட்ரைப். அதைச் சொல்லும்போது இன்ஜினியர் எழுந்து நின்று என் அறையின் சுவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கையால் தடவிக் காட்டினார். என் சுவர் போதவில்லை.

ட்ரைப்பிடம் ஐயாசாமி என்றொரு தமிழர் உதவியாளராக இருந்தார் என்றும் அன்று சொன்னார். "அச்சுப் போட்ட கைல அந்தக் கையும் ஒண்ணு சார்." 1859-ல் ஆளுநராக வந்த ட்ரெவெல்யன், அரசாங்கத்துக்கு இது வீண் செலவு என்று முடிவுகட்டி அந்த வேலையையே நிறுத்திவிட்டார். ஆகவே அந்தச் சில ஆண்டுகளில் அச்சானவைதான் அடிப்படை. அதில் கறையான் தின்றதும் ஓதம் ஏறியதும் போக மிஞ்சியதில் ஒன்பது, தேக்கு அலமாரிக்கும் கிராமபோனுக்கும் நடுவில் கிடந்திருக்கின்றன.

"நான் பொறந்தது விளக்குத்தூண் பக்கம் சார். அந்த ஒன்பதுல விளக்குத்தூண் ஒண்ணு. இன்னொண்ணு வைகை. அக்கரையில இருந்து எடுத்தது, ஆத்துக்குக் குறுக்கே தரைப்பாலத்தோட. இப்ப அந்த ஆத்துல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

எனக்கு வழக்கு பிடித்துவிட்டது. சட்டம் எங்கள் பக்கம் தெளிவாக இருந்தது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவு: ஏலக்காரர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ விற்பனை முடிந்தது என்று அறிவித்த கணத்தில் விற்பனை முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தின நொடிவரை கேட்டவர் தன் கேள்வியை வாபஸ் வாங்கலாம். அந்த நொடி கடந்தபின் இருவருமே பின்வாங்க முடியாது. குறைந்தபட்ச விலை இருந்தால் அதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும் என்பதே ஏலத்தின் ஒழுங்கு. அட்டவணையில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை.

பணத்தைத் திருப்பித் தந்துவிட்டால் போதாதா என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அரிசி மூட்டைக்கு அது பொருந்தும், இந்தக் கடையில் இல்லாவிட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்ளலாம். சந்தையில் எளிதில் கிடைக்காத பொருளென்றால் பொருளையே கொடு என்று உத்தரவிட, குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் அன்றைய 10-ஆம் பிரிவு இடம் தந்தது. அந்தப் பிரிவை அதுவரை நிலத்துக்கு மட்டுமே பயன்படுத்திவந்தவன் நான். காகிதத்துக்காக எடுத்தது அதுதான் முதல் தடவை.

அவசரமும் இருந்தது. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் சொல்கிறது. எழுத்துப் பிரதிகளுக்கும் ஆவணங்களுக்கும் எழுபத்தைந்து ஆண்டே போதும். சட்டம் சொல்கிறதே தவிர, கல் சிலை போக மரப்பெட்டியும் கப்பலும் வேண்டும், புகைப்படம் போகப் பயணப்பெட்டியின் அடித்தட்டில் இரண்டு சட்டைக்கு நடுவே இடம் கிடைத்தால் போதும். தடையுத்தரவு கேட்டோம், சிட்டி சிவில் கோர்ட் கொடுத்தது. பொருட்களைக் கணக்கெடுத்து முத்திரையிட வழக்கறிஞர் ஆணையர் ஒருவரையும் நியமித்தது. தொழிலுக்கு வந்து மூன்று நான்கு வருடமான இளம் பெண். இன்றைக்கும் அந்த அறிக்கையை என் ஜூனியர்களுக்குப் பாடமாகக் காட்டுகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் நீளம், அகலம், அட்டையின் நிறம், கறை, பூச்சி அரித்த ஓட்டை, எல்லாம் அளந்து எழுதியிருந்தார். அந்த அறிக்கையில்தான் இப்படி ஒரு வரி வந்தது: எல்லா அட்டைகளின் பின்புறமும் வலது கீழ்மூலையில் தேய்க்கப்பட்டது போன்ற தடம், படிக்க இயலவில்லை.

அன்று கணக்கெடுத்த இடத்திலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் இன்ஜினியர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் படங்களை மறுபடி கண்ணால் பார்த்த மகிழ்ச்சியில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் மாலை வந்தார்.

"அது முத்திரை சார். முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ் முத்திரை குத்தினவன் நான். பிளேடு போட்டுச் சுரண்டி, அப்புறம் ரப்பர் வெச்சுத் தேய்ச்சிருக்காங்க. அந்த இடத்துல அட்டை மெலிஞ்சு போயிருக்கு. விரல்ல தெரியுது."

யாருடைய முத்திரை என்று பார்க்க வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்: "நம்ம வழக்குக்கு சுத்தியல் போதும் சார். அட்டைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நிரூபிக்கிற பாரம் நம்ம மேல இல்லை. டிக்ரி வாங்குவோம், படம் உங்க கைக்கு வரட்டும். பிறகு பார்த்துக்கலாம்." அவர் என்னிடம் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அன்றைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொன்னது. நீதிமன்றத்தில் பொய் சொல்லவும் நான் போகவில்லை. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கப்போகிறேன், அவ்வளவுதான். தொழில் விதியில் அதற்கு இடம் உண்டு.

ஆனால் அந்த முத்திரை யாருடையது என்பதைப் பொறுத்து எல்லாமே தலைகீழாகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதே சரக்கு விற்பனைச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது: தன்னிடம் இல்லாத உரிமையை விற்பவன் வாங்குபவனுக்குத் தர முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு, அவை எங்களுக்கு உதவாது. சுத்தியல் பொதுமக்கள் முன்னிலையில் விழுந்தது, வாங்கியவர் நல்ல மனசோடு முழு விலை கொடுத்தார் என்பவையெல்லாம் அந்த ஓட்டையை அடைக்காது. 64-ஐ வைத்து ஏலக்காரரை வென்று, 27-ஆல் படத்தை இழக்கும் நிலை.

இரண்டு நாள் கழித்து வந்தார். கையில் ஒரு பை. அதில் பச்சை நிறத்தில் சின்ன விளக்கு ஒன்று. வங்கிகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருப்பார்களே, அந்தப் புறஊதாக்கதிர் விளக்கு. தெரிந்த மேலாளரிடம் இரவல் வாங்கியிருந்தார்.

"சார், என் பொண்ணுக்கு வீடு வாங்கினப்ப முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தீங்க. தாய்ப்பத்திரம் இல்லாம கையெழுத்துப் போடாதீங்கன்னு என்னை நாலு தடவை நடக்க வெச்சீங்க. நாலு செண்டு மனைக்கே தாய்ப்பத்திரம் கேட்டவர், இதுக்குக் கேக்கக் கூடாதுங்கறீங்களே?"

எனக்குப் பதில் இல்லை. அன்றே மறு ஆய்வுக்கு மனு தயார் செய்தேன்.

எதிர்த்தரப்பும் மறுக்கவில்லை. சேகரிப்பாளர் ஒருவர் தன் பொருளைத் தானே சோதிக்கக் கேட்கிறாரென்றால் அதன் மதிப்பைக் கூட்டிக் காட்டத்தான் என்று நினைத்திருப்பார்கள். ஆணையர் முன்னிலையில், ஏல நிறுவனத்தின் பின்னறையில் ஒரு மதியம் கூடினோம். ஜன்னலுக்குத் திரை கிடையாது. என் கருப்பு அங்கியையும் ஆணையரின் அங்கியையும் ஜன்னல் கம்பியில் மாட்டி வெயிலை மறைத்தோம். இன்ஜினியர் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். பழைய எழுத்து மசியில் இரும்பு கலந்திருக்கும். மேலே உள்ள நிறம் போனாலும் காகிதத்துக்குள் இறங்கிய இரும்பு அந்த ஒளியில் கருப்பாகத் தெரியும். முதல் அட்டையில் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவதில் ஒரு நீள்வட்டத்தின் பாதி. நான்காவதில் நடுவே கையால் எழுதிய எண் துலங்கியது. ஒவ்வொன்றிலும் கிடைத்ததை ஆணையர் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்ல, என் குமாஸ்தா குறித்துக்கொண்டார். ஒன்பதாவது முடிந்தபோது முழு வாசகமும் சேர்ந்துவிட்டது. மேல் வளைவில் வைகைக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரின் பெயர். கீழ் வளைவில் பொது வாசகசாலை.

அறையில் யாரும் பேசவில்லை. இன்ஜினியர் விளக்கை அணைத்துப் பைக்குள் வைத்தார். கை நடுங்கியது.

அந்த வாசகசாலை உயிரோடு இருந்தது, பெயரளவுக்கு. ஓடு சரிந்த ஒரு கட்டடம், இரண்டு நாளிதழ், செயலாளராக ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். நாங்களே அவர்களையும் வழக்கில் தரப்பாகச் சேர்க்க மனுப் போட்டோம். வாதியே தனக்கு எதிரான உரிமையாளரைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்தும் மனு அது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "கட்சிக்காரரின் அறிவுறுத்தல்படிதானே?" என்று கேட்டார். "ஆமாம், அவர் பின்னாடிதான் நிற்கிறார்" என்றேன்.

தமிழாசிரியர் வரவுப் பதிவேட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பழங்காலக் கையெழுத்து. தாசில்தார் ஒருவரின் குடும்பத்தார் அன்பளிப்பு, மதுரைப் படங்கள், அட்டையில் ஒட்டியவை, 12. ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணும் தலைப்பும். விளக்கில் தெரிந்த எண்கள் பொருந்தின. நூலகங்களில் அலமாரியை விட முக்கியமானது பதிவேடு என்பதை அன்று புரிந்துகொண்டேன். தஞ்சை சரசுவதி மகாலிலிருந்து 2005-ல் காணாமல் போன, 1715-ல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு லண்டனில் இருப்பதாக 2022-ல் காவல்துறை அறிவித்தபோதும் இதே எண்ணம்தான் வந்தது. இது நம்முடையது என்று சொல்ல ஒரு பதிவு இருந்தால்தான் தேடவே முடியும். எத்தனை ஊர் வாசகசாலைகளின் பதிவேடுகள் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஏலத்துக்குக் கொடுத்தவர், அந்த வாசகசாலையின் முன்னாள் செயலாளர் ஒருவரின் பேரன். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகியபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று தாத்தா வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவர் இறந்த பிறகு யாரும் கேட்கவில்லை. "மச்சுல கிடந்தது சார், எங்களோடதுன்னுதான் நினைச்சேன்" என்றார் பேரன். நான் நம்புகிறேன். கண்ணீர்விட்ட அந்த மனிதரைத் திருடன் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் கழித்துக் கேட்கலாமா என்று அவர் வக்கீல் காலவரம்பைக் கிளப்பிப் பார்த்தார். பொது நோக்கத்துக்காக ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்த சொத்தை, அவரிடமிருந்தோ அவருடைய வாரிசிடமிருந்தோ மீட்பதற்குக் காலவரம்பு தடையில்லை என்று காலவரம்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. அதோடு அந்த வாதம் நின்றது.

ஆனால் மழைக்குப் பயந்து எடுத்துப் போனவர் முத்திரையைச் சுரண்டியிருக்க மாட்டார். ஒன்பது அட்டையிலும் ஒரே மூலையில், ஒரே மாதிரி, பொறுமையாகச் செய்த வேலை அது. யார் செய்தது என்று சாட்சிக் கூண்டில் ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. விசாரணைக்கு வருமுன்பே சமரசம் வந்துவிட்டது. கேட்டிருக்க வேண்டும் என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை.

சமரச மனுவின்படி ஒன்பது படமும் வாசகசாலைக்குச் சொந்தம் என்று டிக்ரி ஆனது. இன்ஜினியருக்கு 42,000 ரூபாயும், அதன் மேல் ஏல நிறுவனம் வசூலித்த கமிஷனும் திரும்ப வந்தன. ஓடு சரிந்த கட்டடத்தில் அசலை வைப்பது பாவம் என்று தமிழாசிரியரே சொன்னார். குளிரூட்டப்பட்ட பாதுகாப்பு அறையுள்ள ஓர் ஆய்வு நூலகத்தில் ஒப்படைத்து, நல்ல பிரதிகளை ஊரில் மாட்டுவது என்று ஏற்பாடு. பிரதி எடுக்கவும் சட்டம் போடவும் ஆன செலவு, திரும்பி வந்த அந்தப் பணத்திலிருந்தே போனது. என் ஃபீஸைப் பற்றி அவர் இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் நான் பேச்சை மாற்றினேன்.

அதற்குப் பிறகும் ஏலத்துக்குப் போவதை அவர் விடவில்லை. முதலில் அட்டையைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் படத்தை. லண்டனில் ஒருவர் 1944-ல் ஓவியர் கான்ஸ்டபிள் வரைந்தது என்று 85 பவுனுக்கு ஓவியம் வாங்கி, ஐந்து வருடம் கழித்து விற்கப் போனபோது அது அவர் வரைந்தது இல்லை என்று தெரிந்து வழக்குப் போட்டு, காலம் கடந்துவிட்டது என்று 1950-ல் தோற்ற கதையை அவருக்குச் சொன்னேன். "அஞ்சு வருஷம் திருப்பியே பாக்கலையா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பதிவேட்டில் பன்னிரண்டு, கிடைத்தது ஒன்பது. மீதி மூன்று எங்கே என்று பேரனுக்கும் தெரியவில்லை. அவற்றின் எண்ணையும் தலைப்பையும் இன்ஜினியர் ஒரு தபால் அட்டையில் எழுதி என்னிடம் கொடுத்தார்: தெப்பக்குளம், புதுமண்டபம் உட்புறம், நாயக்கர் மகால். "உங்க கண்ணுல பட்டாலும் சொல்லுங்க சார்." அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. ஏல அட்டவணைகளை வாங்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. போன மாதம் வந்த ஒன்றில் மதுரைத் தெப்பக்குளம் இருந்தது. அளவையும் அட்டையின் பின்புறத்தையும் கேட்டு எழுதினேன், படம் அனுப்பினார்கள். கண்ணாடி நெகட்டிவிலிருந்து எடுத்தது, பத்துப் பன்னிரண்டு வருடம் பிந்தியது, பின்புறம் சுத்தமாக இருந்தது. தபால் அட்டையை மறுபடி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தேன்.